கை தேர்ந்ததும் கணக்கு முடிகிறது

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பட்டையில் தொழிலாளரின் பணிவளர்ச்சியும் ஆலையின் உற்பத்தித்திறனும்

தொழிற்சாலையின் உற்பத்தித்திறனை உயர்த்துவது எப்படி என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் வழக்கமாகச் சொல்லப்படும் விடைகள் இரண்டு: புதிய எந்திரத்தை இறக்குவது, அல்லது இருக்கிற ஆளிடம் கூடுதல் நேரம் வேலை வாங்குவது. இரண்டாவது விடை 2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றம் வரைக்கும் வந்தது. ஒரு நாள் வேலைநேரத்தைப் பன்னிரண்டு மணி வரை நீட்டிக்க வழிசெய்யும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா அன்று நிறைவேறி, தொழிற்சங்கங்களும் ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளும் எதிர்த்ததால் மூன்றே நாளில் நிறுத்திவைக்கப்பட்டு, மே நாளன்று திரும்பப் பெறப்பட்டது. அந்தச் சில நாள் விவாதத்தில் வேலைநேரம் குறித்து எல்லாத் தரப்பினரும் பேசினார்கள். அதே எட்டு மணி நேரத்தில் ஒரு தொழிலாளி இன்னும் தேர்ச்சியோடு வேலை செய்ய என்ன வேண்டும் என்ற பேச்சு மட்டும் பெரிதாக எழவில்லை.

உற்பத்தித்திறன் என்பது, ஒரு பொருளின் விற்பனை மதிப்பிலிருந்து மூலப்பொருள், மின்சாரம் முதலிய உள்ளீடுகளின் விலையைக் கழித்தபின் எஞ்சும் கூடுதல் மதிப்பை, அதற்காக உழைத்த மணிகளால் வகுத்தால் கிடைப்பது. லைனின் தலைமாட்டில் எழுதிவைக்கப்படும் 'டார்கெட்' எண்ணிக்கையும் இதுவும் ஒன்றல்ல. ஒரு ஷிப்டில் ஆயிரம் உருப்படி செய்து, அவற்றில் எண்பதைத் திரும்பப் பிரித்துச் சரிசெய்யும் லைனைவிட, தொள்ளாயிரத்து ஐம்பது செய்து ஒன்றையும் திருப்பாத லைனே உற்பத்தித்திறன் மிக்கது. பணிவளர்ச்சி என்பது, வேலையில் சேர்ந்த நாளில் இருந்த திறனிலிருந்து மேலான திறனுக்கும், அதற்கேற்ற பொறுப்புக்கும், அதற்கேற்ற ஊதியத்துக்கும் ஒருவர் நகர்வதற்கான ஒழுங்கான பாதை. பயிற்சி இந்தப் பாதையின் ஒரு பகுதி மட்டுமே. பயிற்சி முடித்தவர் அடுத்து ஏறி நிற்க ஒரு படி இல்லையென்றால், கற்றது அவரோடு வாசலைத் தாண்டிப் போய்விடும்; ஆலை அடுத்த ஆளுக்கு முதல் பாடத்திலிருந்து தொடங்கும். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பட்டையில் பயிற்சிக்குப் பஞ்சமில்லை, படிக்குத்தான் பஞ்சம் என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

ஒரே சாலை, பல தொழில்கள்

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சுங்குவார்சத்திரம் வரையிலும், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள்கோவில் செல்லும் சாலையில் வல்லம் வடகால், ஒரகடம் வழியாகவும் பரந்திருக்கும் இந்தத் தொழிற்பட்டை முப்பது ஆண்டுகளுக்குள் எழுந்தது. 1996இல் தொடங்கப்பட்ட ஹூண்டாய் நிறுவனம் 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2006இல் நோக்கியாவும் அடுத்த ஆண்டில் சாம்சங்கும் வந்தன. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான், 2012இல் டைம்லரின் லாரி ஆலை, 2013இல் ராயல் என்ஃபீல்டு, 2015இல் வல்லம் வடகாலில் யமஹா என்று வரிசை நீண்டது.

இவை அனைத்தையும் ஒரே வகைத் தொழிற்சாலைகளாகக் கருதுவது பிழை. கைப்பேசி பொருத்தும் லைனில் ஒருவர் செய்யும் வேலை சில நொடிகளில் முடிந்து மீண்டும் தொடங்குவது. சில நாட்களில் அதைப் பழகிவிடலாம். கனரக லாரி லைனில் ஒரு நிலையத்தின் வேலை பல நிமிடங்கள் நீளும். ஒரே நாளில் பல வகை லாரிகள் வரும். எந்த வண்டிக்கு எந்த உதிரி, எந்த இறுக்கம் என்பதெல்லாம் மாதக்கணக்கில் கை பழக வேண்டியவை. ஆதலால் பணிவளர்ச்சி எல்லா ஆலைக்கும் ஒரே அளவு லாபம் தரும் என்று சொல்வதற்கில்லை. வேலை எவ்வளவு சிக்கலானதோ அவ்வளவுக்கு அனுபவத்தின் விலை கூடும் என்பதே சரியான கூற்று.

சுவரில் தொங்கும் பலகை

இன்றைய வாகன, மின்னணு ஆலைகளின் உற்பத்தித் தளத்தில் பரவலாகக் காணப்படும் ஒன்று 'ஸ்கில் மேட்ரிக்ஸ்' எனப்படும் திறன் பலகை. இடப்பக்கம் தொழிலாளர் பெயர்கள், மேலே அந்த லைனின் வேலைகள், கட்டங்களுக்குள் நான்கு கால்களாகப் பிரிக்கப்பட்ட வட்டங்கள். கால் வட்டம் கறுத்திருந்தால் அவர் அந்த வேலையைக் கற்றுக்கொண்டிருக்கிறார். அரை வட்டம் என்றால் மேற்பார்வையில் செய்வார். முக்கால் என்றால் தனியாகச் செய்வார். முழுவட்டம் என்றால் பிறருக்குக் கற்றுத்தருவார். ஜப்பானிய ஆலைகளில் உருவான இந்த முறை, யார் விடுப்பெடுத்தால் யாரை எங்கே நிறுத்துவது என்பதை லைன் லீடருக்கு ஒரே பார்வையில் சொல்லிவிடும். ஆக, ஒவ்வொரு தொழிலாளியும் எவ்வளவு தேர்ந்திருக்கிறார் என்பது நிர்வாகத்துக்குத் தெரியாத செய்தியல்ல. வாரந்தோறும் திருத்தி எழுதப்படும் செய்தி. பலகையில் வட்டம் நிறையும்போது சம்பளச் சீட்டிலும் ஏதேனும் மாறுகிறதா என்பதுதான் கேட்கப்பட வேண்டியது. மாறுகிறதென்றால் அது பணிவளர்ச்சி. இல்லையென்றால் அந்தப் பலகை ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்கும் கருவி மட்டுமே.

முழுவட்டத்தின் மதிப்பு என்ன என்பதை ஜப்பானியப் பொருளியலாளர் கசுவோ கொய்கே தம் ஆய்வுகளில் விளக்கியிருக்கிறார். ஆலை வேலையை அவர் இரண்டாகப் பிரித்தார்: நாள்தோறும் ஒரே மாதிரி நடக்கும் வழக்கமான வேலை ஒன்று, கோளாறும் மாற்றமும் வரும்போது செய்யவேண்டிய வேலை மற்றொன்று. முதலாவதைச் செய்வதில் புதியவருக்கும் பழையவருக்கும் வேகத்தில் பெரிய வேறுபாடு இல்லாமல் போகலாம். வெல்டிங் ரோபோ நின்றாலும், புதிய மாடல் இறங்கினாலும், ஒரு உதிரியின் அளவு மயிரிழை மாறி வந்தாலும் காரணத்தை ஊகித்து, பழுதான பொருள் அடுத்த நிலையத்துக்குப் போகாமல் தடுப்பவர் பல நிலையங்களில் சுற்றி வந்த, பல ஆண்டு நின்ற தொழிலாளி. ஜப்பானிய ஆலைகளின் மேம்பாட்டுக்குக் கொய்கே கண்ட காரணம் இந்த அறிவும், அதற்கேற்ப அடிமட்டத் தொழிலாளிக்கும் நீண்டகாலப் பதவிப் படிகள் இருந்ததும்தான்.

இதற்கு எதிர்வாதமும் உண்டு. அதை ஒதுக்கிவிடுவது நேர்மையாகாது. ஸ்டீவன் லெவிட், ஜான் லிஸ்ட், சாட் சிவர்சன் ஆகிய பொருளியலாளர்கள் ஒரு கார் ஆலையின் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட கட்டுரையில், புதிய மாடல் தொடங்கிய சில வாரங்களில் குறைபாடுகள் வேகமாகக் குறைந்ததையும், பின்னர் இரண்டாம் ஷிப்ட் தொடங்கியபோது அதில் வந்த புதியவர்கள் முதல் ஷிப்டின் தரத்தை உடனே எட்டிவிட்டதையும் காட்டினார்கள். அதாவது, கற்ற அறிவு தனிமனிதரிடம் தங்காமல் ஆலையின் ஒழுங்குமுறைக்குள் படிந்துவிட்டது. 'ஆள் மாறினால் என்ன, முறை இருக்கிறதே' என்று வாதிடும் மனிதவளத் துறைக்கு இது வலுவான ஆதாரம். எனினும், அந்த முறை தானாக முளைத்ததல்ல. முதல் சில வாரங்களில் குறைகளைக் கண்டு சொல்லவும், சொன்னதைக் கேட்டுத் திருத்தவும் ஆட்கள் இருந்ததால்தான் அது படிந்தது. ஆண்டுதோறும் புதிய மாடல் இறங்கும் தொழிலில் அந்த முதல் வாரங்கள் திரும்பத் திரும்ப வரும். அப்போது குறையைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர் லைனில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தே நட்டம் கூடும், குறையும்.

480 நாள்

இந்தத் தொழிற்பட்டையின் தொழிலாளருக்கு மனப்பாடமான எண் ஒன்று உண்டு. தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்குதல்) சட்டம் 1981இன்படி, இருபத்துநான்கு மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து பணிபுரிந்தவருக்கு நிரந்தரத் தகுதி தரவேண்டும். தொழிலாளியின் பாதுகாப்புக்காக வந்த இந்தச் சட்டம், நிறுவனங்கள் அதைச் சுற்றிப் போகும் வழிகளைத் தேடியதால், நடைமுறையில் தேர்ச்சிக்கு எதிரான விளைவையும் தந்துவிட்டது. காண்ட்ராக்ட் தொழிலாளியின் கணக்கை எண்ணிக்கை நெருங்கும் முன் முடிப்பது ஒரு வழி. 'டிரெய்னி' என்ற பெயரில் எடுப்பது இன்னொரு வழி. 1961ஆம் ஆண்டின் பயிற்சியாளர் சட்டம், அப்ரண்டிஸாகச் சேர்பவரைத் தொழிலாளியாகக் கருதுவதில்லை; தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தா; பயிற்சி முடிந்தபின் வேலை தரும் கட்டாயமும் இல்லை. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2013இல் தொடங்கிப் பின்னர் கைவிட்ட 'நீம்' திட்டமும் மூன்று ஆண்டு வரை ஒருவரைப் பயிற்சியாளராகவே வைத்திருக்க இடம் தந்தது.

பயிற்சியாளர் முறை தன்னளவில் குற்றமுடையதல்ல; ஜெர்மனியின் தொழில்வளம் அதன்மேல் நிற்கிறது. ஆனால் அங்கே பயிற்சியின் முடிவில் ஆலைக்கு வெளியே உள்ள தொழில் வணிகச் சபை தேர்வு நடத்திச் சான்றளிக்கிறது. அந்தச் சான்றை நாட்டின் எந்த ஆலையும் மதிக்கிறது. அதற்கு மேல் 'மைஸ்டர்' என்ற தலைமைத் தொழிலாளி நிலை வரை படிகள் உள்ளன. இங்கே பயிற்சிக்காலம் என்பது பல இடங்களில் முழுநேர உற்பத்தி வேலையின் மறுபெயராகிவிட்டது. லைனில் நிரந்தரத் தொழிலாளியும் டிரெய்னியும் காண்ட்ராக்ட் தொழிலாளியும் அடுத்தடுத்து நின்று ஒரே வேலையைச் செய்வார்கள். சீருடையின் நிறமோ அடையாள அட்டையின் நாடாவோ மட்டும் வேறுபடும். 2018 செப்டம்பரில் யமஹா, ராயல் என்ஃபீல்டு ஆலைகளில் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வேலைநிறுத்தம் மூண்டபோது, சங்கம் அமைக்கும் உரிமையோடு பயிற்சியாளர்களின் எதிர்காலமும் பேசப்பட்டது தற்செயல் அல்ல.

தேசிய அளவிலும் இதே போக்கு. ஆண்டுத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பின் அண்மை முடிவுகளின்படி, இந்தியத் தொழிற்சாலைகளில் நேரடி உற்பத்தியில் உள்ளவர்களில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் ஒப்பந்ததாரர் வழியே வருபவர்கள். ஒப்பந்ததாரருக்கு அவர்களின் திறனை வளர்ப்பதில் நாட்டமில்லை. ஆலைக்கு அவர்கள் தன் ஆட்களில்லை. இருவருக்கும் இடையே அவர்களின் வளர்ச்சி யாருடைய செலவுக் கணக்கிலும் ஏறுவதில்லை.

நிரந்தர வாசலைத் தாண்டியவருக்குக் கிடைப்பது எவ்வளவு என்பதை 2025 செப்டம்பரில் ஹூண்டாய் நிறுவனம் அதன் தொழிற்சங்கத்தோடு செய்த ஒப்பந்தம் காட்டுகிறது: 2024 முதல் 2027 வரையிலான மூன்றாண்டுக்கு மாதம் 31,000 ரூபாய் உயர்வு, மூன்று தவணைகளில். ஒப்பந்தம் செய்த சங்கம் சுமார் இரண்டாயிரம் பேரை உறுப்பினராகக் கொண்டது. இந்த உயர்வுத் தொகையே, 2024இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் செப்டம்பர் 9 முதல் ஐந்து வாரத்துக்கும் மேல் நடந்த வேலைநிறுத்தத்தின்போது அங்குள்ள தொழிலாளரின் சராசரி மாத ஊதியமாகச் சொல்லப்பட்ட 25,000 ரூபாயைவிட அதிகம். ஒரே சாலையில், சில கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரு ஆலைகளுக்கிடையே இவ்வளவு வேறுபாடு என்றால், ஒரே ஆலைக்குள் நிரந்தரத்துக்கும் டிரெய்னிக்கும் இடையிலான பள்ளம் குறித்துத் தனியே விளக்க வேண்டியதில்லை. உள்ளே இருப்பவருக்கு மூன்றாண்டுக்கொரு முறை உயர்வு. வெளியே நிற்பவருக்கு உள்ளே வரும் வழியே தெளிவில்லை. ஊதியம் திறனின் படியைப் பின்பற்றாமல், வாசலின் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதைப் பின்பற்றினால், திறனைக் கூட்டிக்கொள்ள இருபுறத்தாருக்கும் காரணம் குறைந்துபோகிறது.

ஆட்களை மாற்றிக்கொண்டே இருப்பதன் செலவைத் தொழிலுலகம் நூறாண்டுக்கு முன்பே அறிந்தது. 1913இல் ஹென்றி ஃபோர்டின் டெட்ராய்ட் ஆலையில் ஏறத்தாழ 14,000 இடங்களை நிரப்பி வைக்க 52,000 பேரை எடுக்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் அறிவித்த நாளொன்றுக்கு ஐந்து டாலர் ஊதியத்தை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அதற்குச் சில மாதம் முன்பு, 1913 அக்டோபரில், ஜான் லீ என்ற அதிகாரி அறுபதுக்கும் மேற்பட்ட தாறுமாறான கூலி விகிதங்களை எட்டாகச் சுருக்கி, திறனுக்கேற்ப ஏறும் படிகளாக அவற்றை அமைத்ததும், ஃபோர்மேன் தன் விருப்பப்படி ஆளை வெளியேற்றும் அதிகாரத்தைப் பறித்ததும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஐந்து டாலருக்கு முன்பே அங்கே படிகள் வந்துவிட்டன.

நோக்கியா விட்டுச்சென்ற பாடம்

பணிவளர்ச்சி ஆலையின் உள்விவகாரம் மட்டும் என்று கருதினால் என்ன நேரும் என்பதற்கு இந்தத் தொழிற்பட்டையிலேயே பெரிய சான்று இருக்கிறது. 2005 ஏப்ரலில் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தமிட்ட நோக்கியா, 2006 ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கி, உலகின் மிகப் பெரிய கைப்பேசி ஆலைகளில் ஒன்றாக அதை வளர்த்தது. உச்சத்தில் நேரடியாக ஏறத்தாழ எட்டாயிரம் பேர் வேலை செய்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் படிப்பையோ டிப்ளமோவையோ முடித்து வந்த இளம்பெண்கள். காஞ்சிபுரம், வேலூர், திருவண்ணாமலைப் பகுதிக் கிராமங்களுக்குக் கம்பெனி பஸ் போய் வந்தது. பின்னர் எழுந்த வரி வழக்குகளால், நோக்கியாவின் கைப்பேசி வணிகம் 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறியபோது இந்த ஆலை அதில் சேரவில்லை. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் விருப்ப ஓய்வு பெற்றார்கள். 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. அடுத்த மாதமே அருகிலிருந்த ஃபாக்ஸ்கான் ஆலையும் நின்றது.

எட்டாண்டு அனுபவத்தோடு வெளியே வந்தவர்களில் பலருக்கு வயது முப்பதைத் தொடவில்லை. அவர்களுக்கு நுண்ணிய உதிரிகளைக் கையாளத் தெரியும். நிலைமின்னால் பழுது நேராமல் காக்கத் தெரியும். சோதனைக் கருவியின் விடையை வைத்து எந்த நிலையத்தில் தவறு என்று சொல்லத் தெரியும். கையில் இருந்தவையோ பணி அனுபவச் சான்றும் சம்பளச் சீட்டும்தான். அனுபவச் சான்று எத்தனை ஆண்டு நின்றார் என்பதைச் சொல்லும். என்ன தெரிந்துகொண்டார் என்பதைச் சொல்லாது. திறன்களைத் தரவரிசைப்படுத்தும் தேசியத் திறன் தகுதிச் சட்டகம் 2013 டிசம்பரில் அறிவிக்கப்பட்டிருந்தபோதும், படிப்பறையில் கற்காமல் வேலையில் கற்றதைச் சோதித்துச் சான்றளிக்கும் 'முன்கற்றல் ஏற்பு' முறை அவர்களுக்கு உதவும் அளவில் அப்போது வேர்பிடிக்கவில்லை. தொழில் திரும்பி வந்தது: நோக்கியாவின் ஆலையை 2019இல் சால்காம்ப் வாங்கியது, ஃபாக்ஸ்கான் ஐபோன் பொருத்தத் தொடங்கியது. வந்த நிறுவனங்கள் மீண்டும் பதினெட்டு வயதுப் பெண்களைத் தேடி, மீண்டும் முதல் நாள் பாடத்திலிருந்து தொடங்கின. ஒரு வட்டாரம் எட்டாண்டு பாடுபட்டுச் சேர்த்த தொழிலறிவில் எவ்வளவு வீணானது என்பதைச் சொல்லும் கணக்கு எந்த அரசு ஆவணத்திலும் இல்லை. ஏனெனில் அதைச் சேர்த்தபோதும் யாரும் கணக்கெழுதவில்லை.

பெண்களின் நிலை இதில் தனியே பார்க்கத்தக்கது. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நாற்பது சதவீதத்துக்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்பதில் மாநிலத்துக்குப் பெருமை உண்டு. அந்தப் பெண்களில் எத்தனை பேர் லைன் லீடராகவும், சூப்பர்வைசராகவும், பராமரிப்புப் பிரிவின் டெக்னீஷியனாகவும் ஆகிறார்கள் என்பது அந்தப் பெருமைக்குள் பேசப்படுவதில்லை. 2021 டிசம்பரில் விடுதி உணவால் பலர் நோயுற்று, ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் நெடுஞ்சாலையை மறித்த பிறகு தங்குமிடம் அரசின் கவனத்துக்கு வந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது: பதின்மூன்று கட்டடங்கள், ஒவ்வொன்றிலும் 240 அறைகள், அறைக்கு ஆறு பேர். வரவேற்கத்தக்க முதலீடுதான். ஆயினும் அறைக்கு ஆறு படுக்கை என்ற அமைப்பு மணமாகாத பெண்ணின் சில ஆண்டுகளை மட்டுமே மனத்தில் வைத்தது. அதே ஆண்டு ஜூனில், மணமான பெண்களை ஐபோன் லைனுக்கு எடுப்பதை ஃபாக்ஸ்கான் தவிர்ப்பதாக ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட, ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. தன் புதிய நியமனங்களில் கால்பங்கினர் மணமானவர்கள் என்று நிறுவனம் அரசுக்குத் தெரிவித்ததாகவும் செய்தி வந்தது. இந்த விவாதத்தின் முடிவு எதுவாயினும், இருபத்தைந்து வயதோடு வேலை முடியும் என்று பெண்ணும் நிறுவனமும் சேர்ந்தே எதிர்பார்க்கும் இடத்தில் யாரும் பத்தாண்டுத் திட்டம் போடுவதில்லை என்பது உறுதி.

ஆதாயம் யாருக்கு?

தொழிலாளியை வளர்ப்பதால் ஆலைக்கு உண்மையில் லாபமா என்ற ஐயத்துக்கு இந்தியாவிலேயே கவனமாகச் செய்யப்பட்ட சோதனை ஒன்று விடை தருகிறது. அச்யுதா அத்வர்யு, நம்ரதா கலா, அனந்த் நிஷாதம் ஆகியோர் பெங்களூருவின் ஷாஹி ஆயத்த ஆடை ஆலைகளில், பெண் தையல் தொழிலாளர்களுக்குப் பேச்சுத்திறன், நேர மேலாண்மை, சிக்கல் தீர்த்தல் போன்றவற்றில் அளிக்கப்பட்ட பயிற்சியை ஆராய்ந்தார்கள். பயிற்சி பெறுவோரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்ததால், பெற்றவரையும் பெறாதவரையும் நியாயமாக ஒப்பிட முடிந்தது. பயிற்சி பெற்றவர்களின் உற்பத்தித்திறன் சுமார் 13 சதவீதம் உயர்ந்தது. பயிற்சி முடிந்த எட்டே மாதத்தில் நிறுவனம் செலவிட்டதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் நிகர ஆதாயம் கண்டது. அவர்களின் ஊதியமோ ஏறத்தாழ அரை சதவீதமே கூடியது.

இந்த ஆய்வை மேடைகளில் எடுத்துக்காட்டுவோர் முதல் எண்ணோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். கடைசி எண்தான் முக்கியமானது. திறனால் வந்த ஆதாயத்தில் தொழிலாளிக்குக் கிடைத்தது துளியளவு என்பது, ஆலை தன் பணத்துக்கே பயிற்சி அளிக்கலாம், அதற்கு அரசு மானியம் தேவையில்லை என்பதையும், பயிற்சி மட்டும் தொழிலாளியின் வாழ்வை உயர்த்திவிடாது என்பதையும் ஒருசேரக் காட்டுகிறது.

பிறகு ஏன் நிறுவனங்கள் தயங்குகின்றன? கேரி பெக்கர் 1964இல் வெளியிட்ட மனித மூலதனம் குறித்த நூலில் இதற்கு விளக்கம் இருக்கிறது. ஒரு நிறுவனத்துக்கு மட்டும் பயன்படும் திறன் வேறு. எந்த நிறுவனத்திலும் பயன்படும் பொதுத்திறன் வேறு. பொதுத்திறனைக் கற்றுக்கொடுத்தால் அந்த ஆளைப் பக்கத்துக் கம்பெனி தூக்கிக்கொண்டு போய்விடும் என்ற அச்சத்தில் முதலாளி அதில் செலவிடத் தயங்குவார். இருபது கிலோமீட்டருக்குள் இத்தனை ஆலைகள் நெருங்கி நிற்கும் ஸ்ரீபெரும்புதூரில் இந்த அச்சம் பொய்யல்ல. தனித்தனி ஆலைகளின் நல்லெண்ணத்தால் தீராத இந்தச் சிக்கலுக்குத் தீர்வு, எல்லா ஆலைகளும் சேர்ந்து மதிக்கும் பொதுவான படிகளாகத்தான் இருக்க முடியும்.

அத்தகைய படிகள் தமிழருக்குப் புதியவை அல்ல. புதுக்கோட்டையிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் சிங்கப்பூரின் கட்டுமான வேலைக்குப் போகும் இளைஞர் 'ஸ்கில் டெஸ்ட்' எழுதிவிட்டே விமானம் ஏறுகிறார். அங்கே அடிப்படைத் திறன், உயர்திறன் என்று இரு நிலைகள் உண்டு. உயர்திறன் பெற்றவருக்காக முதலாளி அரசுக்குக் கட்டும் மாத வரி 500 சிங்கப்பூர் வெள்ளி, அடிப்படைத் திறன் மட்டும் உள்ளவருக்கு 900 வெள்ளி. தொழிலாளியை மேல்நிலைக்கு உயர்த்துவது முதலாளிக்கே மிச்சம் என்னும்படி விதி அமைந்திருக்கிறது. சிங்கப்பூர் தன் குடிமக்களுக்காகத் துப்புரவு, காவல் பணிகளில் நடைமுறைப்படுத்தியிருக்கும் படிமுறை ஊதியத் திட்டம் இன்னும் தெளிவானது: ஒவ்வொரு படிக்கும் இன்ன பயிற்சி, இன்ன பொறுப்பு, இன்ன குறைந்தபட்ச ஊதியம் என்று எழுதப்பட்டிருக்கிறது. அயல்நாட்டுத் தொழிலாளர் விஷயத்தில் அந்த நாட்டின் கொள்கையில் குறை காண நிறைய உண்டு; ஆயினும், புதுக்கோட்டைக்காரரின் திறனுக்குச் சிங்கப்பூரில் தரநிலையும் விலையும் இருக்க, அவருடைய தம்பி ஒரகடத்தில் மூன்றாண்டு வெல்டிங் செய்தபின் டிரெய்னியாகவே வெளியேறுவது நியாயப்படுத்த முடியாத முரண்.

அரசின் கையில் இருப்பவை

தமிழ்நாடு அரசு இத்துறையில் சும்மா இருக்கவில்லை. 71 அரசு ஐ.டி.ஐ.க்களை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாய் செலவில் நவீனப்படுத்தும் திட்டத்தில் ஒரகடம் ஐ.டி.ஐ.யும் ஒன்று; 2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் கல்லூரி மாணவருக்குத் திறன் பயிற்சி தருகிறது. இவை இரண்டும் ஆலை வாசலுக்கு முன்பு நிற்பவை. வாசலுக்கு உள்ளே போனபின் ஒருவர் எப்படி வளர்கிறார் என்பதை அரசு கேட்பதில்லை. ஒன்றிய அரசின் உற்பத்திசார் ஊக்கத்தொகைத் திட்டமும் கூடுதல் முதலீட்டையும் கூடுதல் விற்பனையையும் அளவிட்டே பணம் தருகிறது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பில் மறுதிறன் நிதி என்ற ஏற்பாடு உண்டு: ஆட்குறைப்பு செய்யும் முதலாளி, வெளியேற்றப்படும் தொழிலாளியின் பதினைந்து நாள் ஊதியத்துக்கு ஈடான தொகையை அதில் செலுத்த வேண்டும். வேலையில் இருக்கும்போது திறன் வளர்க்கச் சொல்லாத சட்டம், வேலை போனபின் பதினைந்து நாள் சம்பளத்தில் திறன் வளர்க்கச் சொல்கிறது.

இந்தக் கேள்வி இப்போது அவசரமாவதற்குக் காரணம் உண்டு. கைப்பேசியைப் பொருத்துவதோடு நிற்காமல் அதன் உதிரிகளையும் இங்கேயே செய்ய வேண்டும் என்ற நோக்கில் ஒன்றிய அரசு 2025 மார்ச்சில் 22,919 கோடி ரூபாய் மதிப்பில் மின்னணு உதிரிபாக உற்பத்தித் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது; தமிழ்நாடும் அடுத்த மாதமே அதற்கு இணையான தன் திட்டத்தை அறிவித்தது. சுற்றுப்பலகை, கேமரா உறுப்பு, நுண்ணிய அச்சுவார்ப்பு ஆகியவை சில நாட்களில் பழகிவிடும் வேலைகள் அல்ல. வெப்பநிலை, அழுத்தம், இரசாயனச் செறிவு ஆகியவற்றின் சிறு மாற்றத்தை உணர்ந்து சரிசெய்யும் அனுபவம் இல்லாத இடத்தில் கழிவு விகிதம் கூடி லாபம் கரைந்துவிடும். பொருத்தும் வேலைக்கு ஏற்றதாக இருந்த ஆள் சுழற்சி இந்தத் தொழில்களில் செல்லுபடியாகாது.

மாநில அரசு முதலீட்டாளர்களோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்யும்போது எத்தனை கோடி, எத்தனை வேலை என்ற இரண்டு எண்களை அறிவிக்கிறது. எடுத்தவர்களில் மூன்றாம் ஆண்டின் முடிவில் எத்தனை பேர் பணியில் இருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் மேல்நிலைக்குச் சென்றார்கள் என்ற மூன்றாவது எண்ணையும் ஊக்கத்தொகையோடு இணைப்பது அரசின் கையில் இருக்கிறது. திறன் பலகையின் முழுவட்டத்தைத் தேசியத் திறன் சட்டகத்தின் நிலைகளோடு பொருத்தி, ஆலை மாறினாலும் செல்லும் சான்றாக ஆக்குவது தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தால் இயலும். சிப்காட்டும் தொழில் சங்கங்களும் முன்வந்தால் இந்தத் தொழிற்பட்டையிலேயே தொடங்கலாம்.

அதுவரை காத்திருக்காமல் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பயிற்சியாளர் சட்டத்தின் 22ஆம் பிரிவு, 2014 திருத்தத்துக்குப் பின், தன்னிடம் பயிற்சி முடித்தவர்களைப் பணியில் எடுப்பது குறித்து ஒவ்வொரு முதலாளியும் தனக்கென ஒரு கொள்கையை வகுக்க வேண்டும் என்கிறது. அந்தக் கொள்கை என்ன என்பதை, சேரும் நாளிலேயே எழுத்தில் தரும்படி கேட்பதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. பிள்ளைகளை ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் அனுப்பும் பெற்றோரும், அவர்களை அனுப்பிவைக்கும் ஐ.டி.ஐ. ஆசிரியர்களும், ஸ்டைபெண்டு எவ்வளவு, கம்பெனி பஸ் வருமா, கேண்டீன் உண்டா என்று விசாரிக்கும்போது இதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.